இல்லமும் விஞ்ஞானமும்: சுழலும் டிஷ்ஷும் சுருங்கிய செலவும்

இரும்பாலை நகரம் ஒன்றில் வசிக்கும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவ்வூர்க் கபாடிக் கடையில், கேபிள் நடத்துநர் யாரோ கழித்துப்போட்ட ஆறடி டிஷ் ஆன்டெனா ஒன்றும், அதைத் திருப்பும் மோட்டார்த் தண்டும் பழைய இரும்பின் விலைக்கு அவருக்குக் கிடைத்தனவாம். வீட்டின் பின்புறம் அதை நாட்டிக் கம்பிகளைப் பூட்ட விரும்புகிறார். கையில் உள்ள பணமோ கொஞ்சம். கடிதத்தின் கடைசி வரிகள் நம் மனத்தைத் தொட்டன. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அவருடைய தாயாருக்கு இந்தி தெரியாது. அக்கம்பக்கத்தில் பேச்சுத் துணையும் இல்லை. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்ற பிறகு அவ்வீட்டில் ஒலிக்கும் தமிழ், தொலைக்காட்சிப் பெட்டி பேசும் தமிழ் ஒன்றே.

இத்தகைய வினா நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரியதாகலின், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம். சொல்ல வந்த செய்தியைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். இவ்வேலையில் சிக்கனம் செய்யத் தக்க இடங்கள் பல உண்டு. கம்பியின் பருமன், எல்லைச் சுவிட்ச், எர்த் ஆகிய மூன்றில் மட்டும் சிக்கனம் செய்தல் ஆகாது. அது கஞ்சத்தனமாகி, மிச்சம் பிடித்ததைப்போல் பன்மடங்கு செலவை இழுத்து வரும்.

தேவைதானா?

முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அரசின் தமிழ் ஒளிபரப்பு மட்டும் போதும் என்பவருக்குச் சுழலும் டிஷ் வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் தொடங்கப்பெற்ற தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். சேவை இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்னும் பெயரால் வழங்குகிறது. மாதக் கட்டணம் இல்லை. இரண்டடிச் சிறு தட்டு ஒன்றைக் கிழக்கு 93.5 பாகையிலுள்ள துணைக்கோளை நோக்கி அசையாமல் பூட்டினால் போதும். 2024 ஜனவரி வரை பொதிகை என்று வழங்கி, இப்போது டி.டி. தமிழ் எனப் பெயர் பெற்றுள்ள நிலையம் அதில் கிடைக்கும்.

அதற்கு மேலும் வேண்டுபவர்க்கே பெரிய டிஷ். பிற இலவசத் தமிழ் நிலையங்கள் ஒரே துணைக்கோளில் இருப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவ்வப்போது குடிபெயர்வதும் உண்டு. 2010-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட்-17 கிழக்கு 66 பாகையிலும், 2020-இல் ஏவப்பட்ட ஜிசாட்-30 கிழக்கு 83 பாகையிலும், 2017-இல் ஏவப்பட்ட ஜிசாட்-17 கிழக்கு 93.5 பாகையிலும் நிறுத்தப்பட்டன. இவையனைத்தும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திற்கு ஈடாகச் சுற்றுவன. ஆதலின் நம் கண்ணுக்கு நின்ற இடத்திலேயே நிற்பன போலாகும். நாம் வடக்கே இருப்பதால், தென் வானில் கிழக்கு மேற்காக வளைந்த ஒரு வில்லின்மீது மணிகளைக் கோத்தது போல அவை தோன்றும். அவ்வில்லின் வழியே தட்டைத் திருப்புவதே மோட்டாரின் பணி. சந்தாக் கட்டி மட்டுமே பெறத்தக்க நிலையங்களைக் குறுக்கு வழியில் பார்க்கும் உபாயங்கள் இப்பகுதியில் இடம்பெறா.

பழைய தட்டும் கோழி வலையும்

பழைய தட்டு வாங்குவது குற்றமன்று. அது நெளியாமல் இருக்கிறதா என்பதை மட்டும் சோதிக்க வேண்டும். விளிம்பின் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்து இரண்டு நூல்களைக் குறுக்காகக் கட்டுக. அவை நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் தட்டு நேராக உள்ளது. இடைவெளி விட்டாலோ, ஒன்றையொன்று அழுத்தினாலோ தட்டு முறுக்கிக்கொண்டது என்று பொருள்.

வலைத் தட்டில் கிழிசல் இருந்தால் கோழி வலையால் ஒட்டுப்போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளின் துணையுடன் நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டப்பட்டது. ‘சைட்’ என வழங்கிய அச்சோதனையில் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள தட்டுகள் கோழி வலையாலேயே செய்யப்பட்டன. செலவும் குறைந்தது, காற்றும் ஊடுருவிச் சென்றது. ஆனால் அன்று பயன்பட்ட அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இன்று நாம் பிடிக்கும் சி-பேண்ட் அலையின் நீளமோ 7.5 சென்டிமீட்டர்தான். வலைக்கண், அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருத்தல் நலம். எனவே ஒட்டுப்போடும் வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. கோழி வலை அன்றைக்குச் சரி, இன்றைக்கு ஆகாது.

கம்பமும் கோணமும்

கம்பத்துக்கு 3 அங்குல ஜி.ஐ. குழாய் ஏற்றது, மூன்றடி ஆழம் கான்கிரீட்டில் புதைய வேண்டும். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஆறடித் தட்டின்மீது 140 கிலோவுக்கு மேற்பட்ட எடை சாய்ந்தது போன்ற விசை விழும். வலைத் தட்டாயின் இது குறையும். எனினும் செங்கல் கைப்பிடிச் சுவரில் பூட்டுவதை நாம் ஆதரியோம்.

கம்பம் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். கம்பம் சாய்ந்தால், ஒரு துணைக்கோளுக்குச் சரியாக அமைந்த தட்டு அடுத்ததற்குத் தவறிவிடும். ஆறடித் தட்டின் பார்வை ஏறத்தாழ 3 பாகை அகலம் உடையது. அதன் நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினால் பாதி வலிமை போய்விடும்.

தட்டு சுழலும் அச்சு, வடதுருவத்தை நோக்கி, அவ்வூரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகை உயர்ந்திருக்க வேண்டும். அவ்வச்சுக்குச் செங்குத்தாக நின்ற தட்டு, மேலும் சிறிது தெற்கே தாழ வேண்டும். இத்தாழ்வு மும்பையில் 3.3, நாகபுரியில் 3.6, கல்கத்தாவில் 3.9, தில்லியில் 4.8 பாகை. வில்லின் இரு கோடிகளிலும் துல்லியம் வேண்டுவோர் அச்சின் சாய்வைச் சுமார் அரைப் பாகை கூட்டி, இத்தாழ்வை அதே அளவு குறைப்பர். கைப்பேசியில் உள்ள மட்டப் பலகைச் செயலியே இவ்வளவையும் அளந்துவிடும். கருவி வாங்கத் தேவையில்லை.

தெற்குத் திசை காண்பதற்கும் செலவில்லை. கோயிலுக்கும் மனைக்கும் திசை காண நம் சிற்பிகள் சங்கு நாட்டி நிழல் அளந்தார்கள் அல்லவா? நேராக நின்ற கம்பமே நமக்குச் சங்கு. தம் ஊருக்குரிய சூரிய உதய அஸ்தமன நேரங்களைப் பார்த்து, இரண்டுக்கும் நடு நேரத்தில் கம்பத்தின் நிழலைத் தரையில் கோடிடுக. அக்கோடு வடக்குத் தெற்காக அமையும். கோடையில் நிழல் மிகவும் குறுகிவிடுமாதலின், மார்கழி தை மாதங்களில் இதைச் செய்தல் எளிது.

கம்பிகள்

மோட்டார்த் தண்டிலிருந்து பொதுவாக நான்கு கம்பிகள் வரும். இரண்டு மோட்டாருக்கு உரியவை. அது 36 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. இரு கம்பிகளையும் மாற்றிப் பூட்டினால் எதிர்த் திசையில் ஓடும். மற்ற இரண்டும் உள்ளேயிருக்கும் ரீட் சுவிட்சுக்கு உரியவை. மோட்டார் சுழலச் சுழலக் காந்தம் ஒன்று அச்சுவிட்சைத் திறந்து மூடும். அத்துடிப்புகளை எண்ணியே வீட்டுக்குள் இருக்கும் பொசிஷனர் பெட்டி தட்டு நிற்கும் இடத்தை அறிகிறது. இவற்றோடு, தட்டின் முகத்திலுள்ள எல்.என்.பி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் ஆர்.ஜி.-6 கேபிள் ஒன்று. ஆக மூன்று பாதைகள்.

கம்பிப் பருமனுக்கு வருவோம். பின்புறத்திலிருந்து வீட்டுக்குள் 30 மீட்டர் தூரம் என்று கொள்வோம். போக வர 60 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 39 ஓம் தடை. தட்டைத் தூக்கும்போது மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால், 7 வோல்ட் கம்பியிலேயே கரைந்துபோகும். 36-இல் ஐந்தில் ஒரு பங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஆகவே மோட்டாருக்கு 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியே வேண்டும். விலை மலிவென்று செம்பு பூசிய அலுமினியக் கம்பியை வாங்கலாகாது.

இதை நாம் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டிலும் ஒரு டிஷ் நாட்டினோம். பரணில் கிடந்த அழைப்புமணிக் கம்பியைக் கொண்டு மோட்டாரைப் பூட்டிச் சாமர்த்தியம் செய்துவிட்டதாக மகிழ்ந்தோம். மேற்கே தாழ்ந்த தட்டை மீண்டும் தூக்க முயன்றபோது மோட்டார் முனகியது, பின் நின்றது. அன்று பொங்கலுக்கு முந்தின நாள். மறுநாள் காலை நிகழ்ச்சிகளைக் காண வேண்டுமென்று வீட்டுப் பெரியவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வெறும் திரைக்கு முன் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். கம்பியில் மிச்சம் பிடித்த காசு அப்போது நமக்கு இனிக்கவில்லை.

துடிப்புக் கம்பியில் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆதலின் அது மெல்லியதாக இருக்கலாம். ஆனால் மேலுறை வலை உள்ள கேபிளாக இருத்தல் வேண்டும். இல்லையேல் மோட்டார்க் கம்பியின் இரைச்சல் அதில் புகுந்து எண்ணிக்கையைக் குழப்பும். அவ்வலையைப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த்தில் இணைத்து, மறுமுனையை வெறுமே விடுக. ஆர்.ஜி.-6 கேபிள் வழியாகவே எல்.என்.பி.க்கு மின்சாரமும் செல்கிறது: செங்குத்து அலைக்கு 13 வோல்ட், கிடை அலைக்கு 18 வோல்ட். ஆகவே நடுக்கம்பியும் வலையும் தொட்டுக்கொள்ளாமல் இணைப்பு முனையைப் பூட்டி, மழை நீர் புகாதபடி நாடா சுற்றுக. தட்டு இரு கோடிகளுக்கும் போய்வர எல்லாக் கம்பிகளிலும் தளர்வு விடுதல் அவசியம்.

எல்லைச் சுவிட்ச்

தண்டின் மோட்டார் மூடியைத் திறந்தால் இரண்டு சிறு சுவிட்சுகள் தெரியும். தண்டு முழுவதும் சுருங்கியதும் ஒன்று, வேண்டிய அளவு நீண்டதும் மற்றொன்று மின்சாரத்தைத் துண்டிக்கும். நீளும் எல்லையை ஒவ்வொருவரும் தம் தட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் பொத்தானை அழுத்தினால், தட்டு தன் எல்லையைக் கடந்து மறுபுறம் சாயும், தண்டு வளையும். வளைந்த தண்டு நிமிராது. புதிது வாங்க வேண்டும். அன்பர் வாங்கியது பழைய தண்டாதலின், வேறொரு வீட்டுக்கு அமைத்த எல்லையே அதில் இன்னும் இருக்கும். முதல் நாளில் ஒருவர் தட்டின் அருகே நிற்க, மற்றொருவர் சிறிது சிறிதாக ஓட்டி எல்லையை அமைப்பதே முறை.

எளிய பெட்டி

பொசிஷனர் பெட்டி கிடைக்காவிடில் வழியுண்டு. 24 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று, பெரிய கெபாசிட்டர் ஒன்று ஆகியவற்றைச் சேர்த்தால் சுமார் 32 வோல்ட் நேர்மின்சாரம் கிடைக்கும். மோட்டார் சற்று மெதுவாக ஓடும், அவ்வளவே. ஆறு முனைகளும், கைவிட்டதும் நடுவுக்குத் திரும்பும் வில்லும் உள்ள சுவிட்ச் ஒன்று வேண்டும். நடு இரண்டு முனைகளை மோட்டாருக்கும், மேல் இரண்டை மின்சாரத்துக்கும் இணைத்து, கீழ் இரண்டை மேலிரண்டோடு குறுக்காக இணைக்க. மேலே அழுத்தினால் கிழக்கு, கீழே அழுத்தினால் மேற்கு. டிரான்ஸ்ஃபார்மரின் இருபுறமும் ஃபியூஸ் இருத்தல் வேண்டும். 230 வோல்ட் பக்கத்தை மின்வேலை அறிந்தவரே பூட்டுக; இரும்புப் பெட்டியாயின் அதற்கும் எர்த் கொடுக்க.

எண்ணுவதற்கு ஒரு வேடிக்கையான உபாயம் உண்டு. மிக மலிவான பையடக்கக் கால்குலேட்டரைத் திறந்து, சமக்குறிப் பொத்தானின் இரு முனைகளில் ரீட் சுவிட்சின் இரு கம்பிகளை இணைக்க. ஒன்றுடன் ஒன்று கூட்டும்படி அமைத்துவிட்டால், பெரும்பாலான கால்குலேட்டர்களில் ஒவ்வொரு துடிப்புக்கும் எண் ஒன்று ஏறும். திரும்பும்போது அது இறங்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் தட்டைக் கோடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே எண்ணத் தொடங்குக. எந்தத் துணைக்கோளுக்கு எத்தனை துடிப்பு என்பதை ஓர் அட்டையில் எழிதாகப் படிக்கும்படி எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்களும் தாமே இயக்கலாம்.

இடியும் எர்த்தும்

பின்புறத்தில் தனித்து நிற்கும் இரும்புக் கம்பம் இடி மேகத்துக்கு ஓர் அழைப்பு. கம்பத்தினின்று தனிக் கம்பி இறக்கி, 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் குறையாத ஜி.ஐ. குழாயை எர்த்தாகப் புதைத்து இணைக்க வேண்டும். அதை வீட்டின் எர்த்தோடும் சேர்க்க வேண்டும். ஆர்.ஜி.-6 கேபிளின் மேல்வலையும் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் எர்த்தோடு இணைய வேண்டும். இவ்வளவு செய்தும் நேரே விழும் இடியைத் தாங்க முடியாது. ஆதலின் மேகம் கருக்கும்போதே எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிடுக. மின்னத் தொடங்கிய பிறகு கம்பியைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

இரண்டு குறிப்புகள்

எல்லாம் சரியாகப் பூட்டியும் படம் உடைந்தால், தம் வேலையை மட்டும் ஐயுற வேண்டா. 2022 அக்டோபர் 1-இல் நம் நாட்டில் 5ஜி சேவை தொடங்கிற்று. அதற்குரிய அலைகளில் ஒரு பகுதி 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. நமக்கு வேண்டியது 3700 முதல் 4200 வரை. பழைய எல்.என்.பி. இரண்டையும் சேர்த்து விழுங்கித் திணறும். அருகில் 5ஜி கோபுரம் இருந்தால், வடிகட்டியுடன் கூடிய எல்.என்.பி.யை வாங்குவதே பரிகாரம்.

மற்றொன்று, மார்ச் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் அக்டோபர் முதல் வாரத்திலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் படம் மறையும். துணைக்கோளுக்கு நேர் பின்னே சூரியன் வருவதே காரணம். எதையும் திருக வேண்டா. அந்நேரத்தில் வெளியே சென்று தட்டைப் பாருங்கள். எல்.என்.பி.யின் நிழல் தட்டின் நடுவில் விழுந்தால் தட்டு சரியாகப் பார்க்கிறது என்பதற்குச் சூரியனே சாட்சி. நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை அன்று.

ஆகவே அன்பருக்கு நம் விடை இது. பழைய தட்டு வாங்கியது நன்று. பெட்டியைத் தாமே செய்துகொள்ளலாம். திசையை நிழலால் அறியலாம். கோணத்தைக் கைப்பேசியால் அளக்கலாம். இவற்றில் மிச்சமாகும் பணத்தை நல்ல செம்புக் கம்பிக்கும் எர்த்துக்கும் செலவிடுக. எல்லைச் சுவிட்சுக்கு வேண்டியது பணமன்று. ஒரு மாலைப்பொழுதின் பொறுமை. தாயார் முதலில் காண விரும்பும் நிலையம் எதுவோ, அதன் எண்ணை அட்டையின் முதல் வரியில் எழுதுக. வேலை முடிந்ததும் நமக்கு ஒரு வரி எழுதினால் மகிழ்வோம். பிற அன்பர்களும் தங்கள் அனுபவங்களை எழுதியனுப்பலாம்.